பிஸெனில் நான்கு நாள்: ஜப்பானின் மண்பாண்ட ஊருக்கு நிதானமாகப் போக நினைக்கும் தம்பதிகள் கேட்கும் கேள்விகள்

நவம்பர் நடுவில் நானும் என் கணவரும் ஜப்பானின் பிஸென் ஊருக்குப் போய் நான்கு இரவு தங்கிவிட்டு வந்தோம். டோக்கியோவில் இரண்டு நாள், கியோட்டோவில் மூன்று நாள் என்று ஓடாமல், ஒரே ஊரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் நெடுநாள் ஆசை. திரும்பி வந்ததிலிருந்து சொந்தக்காரர்களும் தோழிகளும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடிக்கடி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிஸென் எங்கே இருக்கிறது? அங்கே அப்படி என்ன விசேஷம்?

ஜப்பானின் மேற்குப் பக்கம், ஒகயாமா மாகாணத்தில் இருக்கிறது. நகரத்தின் பெயர் பிஸென். சட்டி பானை செய்கிற பகுதிக்கு இன்பே என்று பெயர். ரயிலில் நீங்கள் இறங்க வேண்டியது இன்பே நிலையத்தில். பெயரைப் பார்த்துவிட்டு பிஸென்-கதகாமி நிலையத்தில் இறங்கிவிடாதீர்கள், அது இரண்டு நிலையம் தள்ளி இருக்கிறது.

நடுக்காலத்தில் தொடங்கி இன்றுவரை சூளை அணையாத ஆறு ஊர்களை ஜப்பானியர்கள் ‘ஆறு பழஞ்சூளைகள்’ என்று சேர்த்துச் சொல்கிறார்கள்: பிஸென், ஷிகராகி, தான்பா, எச்சிஸென், செதோ, தோகோநாமே. 2017இல் இந்த ஆறையும் ஒன்றாக ‘ஜப்பான் மரபுச் சொத்து’ என்று அறிவித்தார்கள். இவற்றில் பிஸெனின் தனிக்குணம், பாத்திரத்தின் மேல் கிளேஸ் (சுட்டதும் கண்ணாடி மாதிரி ஆகும் பூச்சு) எதுவும் பூசுவதில்லை, வண்ணம் தீட்டுவதில்லை. மண், விறகு, நெருப்பு மட்டும்தான். ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறார்கள்.

ஒகயாமாவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமே, நான்கு நாள் எதற்கு?

போய் வரலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எங்கள் முதல் நாளைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அன்று இரண்டு மணி நேரத்தில் ஏழு கடை ஏறி இறங்கினோம். எல்லாக் கடையிலும் பழுப்பு, செம்பழுப்பு, கரும்பழுப்பு. ஏழாவது கடையிலிருந்து வெளியே வந்ததும் என் கணவர் ரோட்டோரத் திட்டில் உட்கார்ந்துவிட்டார். “ஏம்மா, எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு? இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதோடு ஊர் திரும்பியிருந்தால் பிஸென் ஒரு பழுப்பு ஊர் என்ற நினைப்போடு வந்திருப்போம்.

மூன்றாம் நாள் காலையில் அதே கடைகளில் ஒன்றில் அவரே ஒரு சாடியின் முன்னால் குனிந்து நின்று, “இங்க பாரு, இந்தத் தோள்ல மட்டும் மஞ்சளா தூவி இருக்கு, அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல. தீ இந்தப் பக்கத்துலேருந்துதான் வந்திருக்கு” என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இடையில் இருந்த நாளில் நாங்கள் பெரிதாக எதுவும் செய்யவில்லை. நடந்தோம், தேநீர் குடித்தோம், பார்த்ததையே மறுபடி பார்த்தோம். இந்தப் பாத்திரத்துக்குக் கண் பழக நேரம் வேண்டும். குறைந்தது இரண்டு இரவு, முடிந்தால் நான்கு.

எப்படிப் போவது?

ஒசாகாவிலிருந்து ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஒகயாமா முக்கால் மணி நேரம். டோக்கியோவிலிருந்து மூன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒகயாமாவில் அகோ ரயில் பாதைக்கு மாறினால் சுமார் 40 நிமிடத்தில் இன்பே. இந்தச் சின்ன ரயில் மணிக்கு ஒன்றுதான் வரும், அதனால் வருகிற நேரங்களைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒருமுறை இரண்டு நிமிடத்தில் தவறவிட்டு ஒரு மணி நேரம் நடைமேடையில் உட்கார்ந்திருந்தோம். மலையடிவாரத்தில் வரிசையாக நிற்கும் செங்கல் புகைபோக்கிகளை நிதானமாக எண்ணிப் பார்த்தது அன்றுதான்.

எங்கே தங்குவது?

இன்பேயில் தங்குமிடங்கள் மிகக் குறைவு. நாங்கள் நான்கு நிலையம் தாண்டி ஹினாசே என்ற மீன்பிடித் துறைமுகத்தில், குடும்பத்தார் நடத்தும் சிறு விடுதி ஒன்றில் தங்கினோம். இவற்றை மின்ஷுகு என்கிறார்கள். தரையில் தாதாமிப் பாய், அதன்மேல் மெத்தை. முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பதிவின்போதே கட்டில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். என் கணவருக்கு முதல் இரண்டு இரவும் தரையிலிருந்து எழுவது சிரமமாக இருந்தது, பிறகு ஒரு தாழ்வான நாற்காலி கொடுத்தார்கள்.

ஹினாசே சிப்பிக்குப் பேர்போன ஊர். கடலுக்கடியில் அழிந்து போயிருந்த கடற்புல் படுகையை இந்த ஊர் மீனவர்கள் 1985 முதல் விதை தூவி மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். காலையில் துறையில் நின்றால் சிப்பிப் பண்ணை மிதவைகள் வரிசையாகத் தெரியும்.

கிளேஸும் இல்லை, வண்ணமும் இல்லை என்றால் அந்த நிறமும் கோலமும் எங்கிருந்து வருகின்றன?

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக வரும், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சூளையில் எரிப்பது செம்பைன் விறகு. அதன் சாம்பல் தீயோடு பறந்து பாத்திரத்தின் தோளில் விழும். உள்ளே வெப்பம் 1200 டிகிரியைத் தாண்டும்போது அந்தச் சாம்பல் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆறியபின் பார்த்தால் எள்ளைத் தூவியது போல மஞ்சள் புள்ளிகள். ஜப்பானிய மொழியில் எள்ளுக்கு கோமா என்று பெயர், இந்தக் கோலத்துக்கும் அதே பெயர்.

சூளையின் தரையில், சாம்பலுக்குள் பாதி புதைந்து நின்ற பாத்திரத்துக்குக் காற்று சரியாகக் கிடைக்காது. அது சாம்பல் நீலமும் கருமையுமாக மாறும். அதற்கு சங்கிரி என்று பெயர். ஒரு தட்டின் மேல் சிறு கிண்ணத்தையோ உருண்டை மண்ணையோ வைத்துச் சுட்டால், அது மறைத்த இடம் மட்டும் வட்டமாகச் சிவந்து நிற்கும். பொதாமோச்சி என்ற பயற்றுப் பூரணம் பூசிய அரிசி உருண்டையின் பெயரையே அந்த வட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது ஹிதாசுகி. பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் வைக்கோல் வைத்தார்கள். சுட்டு எடுத்தபோது வைக்கோல் பட்ட இடமெல்லாம் செந்நிறக் கோடு. வைக்கோலில் உள்ள பொட்டாசியமும் மண்ணில் உள்ள இரும்பும் வெப்பத்தில் சேர்வதால் வரும் நிறம் அது. உடையாமல் இருக்கச் செய்த காரியம், பிறகு வேண்டுமென்றே செய்யும் அலங்காரம் ஆகிவிட்டது. கிமோனோவின் கையைத் தூக்கிக் கட்டும் கயிற்றுக்குத் தாசுகி என்று பெயர். ஹி என்றால் செந்நிறம் என்று கொள்ளலாம். ஒரு வெளிர்ந்த தட்டில் அந்தக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதைப் பார்த்தால், அறுவடை முடிந்த வயலில் கிடக்கும் தாள் ஞாபகம் எனக்கு வந்தது.

ஆக, தூரிகை செய்ய வேண்டிய வேலையை இங்கே அடுக்குதல் செய்கிறது. எந்தப் பாத்திரம் தீ வாய்க்கு எதிரே, எது பின்னால், எது படுத்தபடி, எது எதன்மேல் என்பதைத் தீர்மானித்துச் சூளைக்குள் அடுக்கவே பல நாள் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த மண்ணில் அப்படி என்ன இருக்கிறது?

ஹியோசே என்று பெயர். நெல் வயலுக்கு அடியில், சில மீட்டர் ஆழத்தில் எடுக்கும் களிமண். கருப்பாக, வழவழப்பாக, இரும்புச் சத்து மிகுந்து இருக்கும். எடுத்ததும் வனைய மாட்டார்கள். வெயிலிலும் மழையிலும் போட்டு, கரைத்து, வடித்து, ஆண்டுக்கணக்கில் கிடக்க விடுவார்கள். ஒரு பட்டறையின் பின்புறத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய மண் குவியலைக் காட்டினார் அங்கிருந்தவர். அப்பா எடுத்து வைத்த மண், மகன் வனைகிறான் என்பது அந்த ஊரில் சர்வசாதாரணம்.

இந்த மண்ணுக்குச் சுருக்கம் அதிகம், அதிக வெப்பமும் தாங்காது. சட்டென்று சூடேற்றினால் விரிசல் விடும், வளையும். அதனால்தான் சூளை பத்து நாள், பதினான்கு நாள் என்று இரவும் பகலும் எரிகிறது. ஆட்கள் முறை வைத்து விறகு போடுகிறார்கள். அணைத்த பிறகு ஆறவும் பல நாள். கிளேஸ் பூச முடியாத மண்ணாக இருந்ததால்தான் பூசாத பாத்திரம் பிறந்தது என்றும் சொல்கிறார்கள், சுருங்குகிற மண்ணில் பூச்சு நிற்காது அல்லவா.

நாங்கள் போகும்போது சூளை எரிவதைப் பார்க்க முடியுமா?

அதிர்ஷ்டம்தான். ஒரு பட்டறை ஆண்டுக்கு ஓரிரு முறைதான் சூளை மூட்டும். அப்போதும் அது அவர்கள் தூக்கமில்லாமல் வேலை செய்யும் நேரம், எல்லாரும் ஆட்களை உள்ளே விடுவதில்லை. எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டாம் நாள் மாலை ஒரு சந்தில் நடக்கையில் பைன் விறகுப் புகை வாசனை வந்தது. வாசனையைப் பிடித்துக்கொண்டே போனோம். மூடிய வேலிக்குப் பின்னால் புகைபோக்கியிலிருந்து கரும்புகை விட்டுவிட்டு வந்தது. விறகு போடும்போது கருக்கும், கொஞ்ச நேரத்தில் தெளியும், மறுபடி கருக்கும். பதினைந்து நிமிடம் நின்று பார்த்தோம். கதவைத் தட்டவில்லை, நீங்களும் தட்டாதீர்கள்.

பழைய சூளைகளை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஊருக்குள்ளேயே 1830களில் கட்டிய தென்போ சூளையின் மிச்சம் கூரை போட்டுப் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. நிலையத்துக்குத் தெற்கே நடந்தால் பெருஞ்சூளை இருந்த இடம் வரும். சுமார் 54 மீட்டர் நீளம், மலைச்சரிவில் படுத்த மாதிரி. ஊரே சேர்ந்து சுட்ட பொதுச் சூளை அது. இப்போது புல்லும் மரமும்தான். ஆனால் காலடியில் பார்த்தால் பானை ஓடுகள் மண்ணோடு மண்ணாகக் குவிந்து கிடக்கின்றன. சுட்டுச் சரியாக வராததை வீசிய குப்பை மேடு. பாதுகாக்கப்பட்ட தலம், ஆகவே ஒரு ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது.

ஊரில் ஒரு நாள் எப்படிப் போகும்?

கடைகள் காலை பத்து மணிவாக்கில் திறக்கும், மாலை ஐந்துக்கு ஊர் அடங்கிவிடும். எங்கள் நாள் பெரும்பாலும் அமாட்சு கோயிலில்தான் தொடங்கியது. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. ஷின்தோ என்ற ஜப்பானிய மதத்தின் சிறிய கோயில். வாசலில் காவல் நிற்கும் சிங்கநாய் இரண்டும் பிஸென் மண். கூரை ஓடு பிஸென் மண். நடைபாதையோரச் சுவரில் பதித்த தட்டுகளும் பிஸென் மண், ஒவ்வொன்றிலும் செய்தவரின் முத்திரை. ஊர்க் குயவர்கள் ஆளுக்கொன்றாகச் செய்து கொடுத்தவை. முதல் நாள் ஐந்து நிமிடத்தில் படம் எடுத்துவிட்டு வந்துவிட்டோம். கடைசி நாள் அந்தச் சுவரை மட்டுமே முக்கால் மணி நேரம் பார்த்தோம், எது கோமா, எது சங்கிரி என்று ஆளுக்கொரு பக்கமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு.

அப்புறம் இரண்டு கடை, மதியச் சாப்பாடு, ஒரு சூளை மேடு, தேநீர். அவ்வளவுதான். ஒரு நாளைக்கு மூன்று கடைக்கு மேல் போகாதீர்கள்.

கடைக்குள் போனால் ஏதாவது வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை, யாரும் வற்புறுத்துவதில்லை. பல கடைகள் வீட்டின் முன்னறைதான். பின்னால் பட்டறை. உள்ளே போனதும் “கோன்னிச்சிவா” சொல்லுங்கள். தொடுவதற்கு முன் “சவாத்தே மோ இய் தேசு கா” என்று கேளுங்கள், தொடலாமா என்று பொருள். தோள்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல் இருந்தால் கழற்றிவிடுவது நல்லது, கீறல் விழும். இரண்டு கையால் எடுத்து, மேசைக்கு மேல் தாழ்வாகவே பிடித்துப் பாருங்கள். நான் வளையலைக் கழற்றிப் பைக்குள் போட்டதைப் பார்த்த ஒரு கடைக்கார அம்மா முகம் மலர்ந்து, உள்ளே போய் இரண்டு கோப்பையில் தேநீர் கொண்டு வந்தார்.

அந்தத் தேநீரை மறக்க முடியாது. ஒரு கோப்பை ஹிதாசுகி, இன்னொன்று கோமா படிந்தது. ஹிதாசுகியின் விளிம்பு முட்டை ஓடு மாதிரி உலர்ந்த மென்மை. கோமா விளிம்பில் உதட்டுக்குப் பொடிப்பொடியாக ஒரு சொரசொரப்பு. “என்னங்க, இதைக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்க” என்று மாற்றிக்கொண்டோம். ஒரே தேநீர்தான், ஒன்றில் கொஞ்சம் இளகிய ருசியாகத் தோன்றியது. அது மண்ணால் வந்ததா, மனதால் வந்ததா என்று நான் ஆராயவில்லை. அன்றைக்குத்தான் அவருக்கு இந்தப் பாத்திரத்தின்மேல் பிடிப்பு வந்தது. கண்ணால் பார்த்து வராதது உதட்டில் பட்டதும் வந்துவிட்டது.

ஒரு சின்னக் கோப்பைக்கு ஏன் இவ்வளவு விலை? எதை வாங்குவது?

சிறு கோப்பை இரண்டாயிரம், மூன்றாயிரம் யென்னில் தொடங்கும். பெயர் பெற்றவர்களின் தேநீர்க் கிண்ணம் லட்சக்கணக்கில் போகும். விறகு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மண், இரண்டு வாரத் தீ, அதில் சரியாக வராமல் போனவை எல்லாம் அந்த விலைக்குள் இருக்கின்றன. நான் விலை பேரம் பேசவில்லை. அங்கே அது வழக்கமும் இல்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இந்தத் தொழில் ஒரு காலத்தில் கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. பதினாறாம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்கு ஆசான் சென் நோ ரிக்யூவும் ஆட்சியாளர் ஹிதேயோஷியும் விரும்பிய பாத்திரம், பின்னால் பளபளக்கும் பீங்கான் வந்ததும் மதிப்பிழந்தது. மெய்ஜி காலத்தில் (1868–1912) இந்த ஊர் சாக்கடைக் குழாயும் செங்கல்லும் சுட்டுப் பிழைத்தது. கனேஷிகே தோயோ என்ற குயவர் பழைய ஓடுகளையும் சூளைகளையும் ஆராய்ந்து, அந்தப் பதினாறாம் நூற்றாண்டு முறையை மறுபடி கைக்குக் கொண்டு வந்தார். 1956இல் அவருக்கு, அருங்கலையைக் காப்பவர்களுக்கு அரசு தரும் ‘வாழும் தேசியச் செல்வம்’ என்ற தகுதி கிடைத்தது. அவருக்குப் பின் ஃபுஜிவாரா கேய், யமமோதோ தோஷு, ஃபுஜிவாரா யூ, இசேஸாகி ஜுன் என இதே ஊரிலிருந்து இன்னும் நான்கு பேர். வாங்குகிற கோப்பைக்குப் பின்னால் இப்படி ஒரு மீட்பு இருக்கிறது என்று தெரிந்தபோது விலை எனக்கு உறுத்தவில்லை.

எதை வாங்குவது என்றால், தினமும் கையில் எடுக்கப் போவதை வாங்குங்கள். நாங்கள் ஆளுக்கொரு தேநீர்க் கோப்பை, அவ்வளவுதான். மூன்றாம் நாளுக்கு முன் எதுவும் வாங்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டோம். முதல் நாள் நான் ஆசைப்பட்ட பூச்சாடியை மூன்றாம் நாள் பார்த்தபோது வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

நம் ஊர் மண்சட்டி மாதிரி அடுப்பில் வைத்துச் சமைக்கலாமா?

கூடாது. இதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம் மண்சட்டி குறைந்த வெப்பத்தில் சுட்டது, உள்ளே நுண்துளைகள் நிறைய. அதனால் தீயில் விரிந்து கொடுக்கும், தண்ணீர் கசிந்து குளிரும். பிஸென் உயர்ந்த வெப்பத்தில் நீண்ட நாள் வெந்து கல் மாதிரி இறுகியது. “வீசினாலும் உடையாது பிஸென் உரல்சட்டி” என்று ஜப்பானில் ஒரு பழஞ்சொல் உண்டு, மசாலா அரைக்கும் வரிப்பள்ளம் போட்ட சட்டியைச் சொல்வது. அவ்வளவு உறுதியானது, ஆனால் நேரடித் தீயில் விரிசல் விடும். மைக்ரோவேவும் வேண்டாம்.

ஜப்பானில் அடுப்பில் வைக்கும் மண்சட்டி வேறு வகை, தோனாபே என்று பெயர். அதை முதலில் அரிசிக் கஞ்சி காய்ச்சிப் பழக்குகிறார்கள். வடிகஞ்சி ஊற்றிச் சட்டி பழக்கும் நம் வீட்டு அம்மாக்களுக்கு இதைக் கேட்டால் சந்தோஷமாக இருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு (அல்லது மனைவிக்கு) பானையில் ஆர்வமே இல்லை. என்ன செய்வது?

பாதி நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். இன்பேக்கு இரண்டு நிலையம் முன்னால் ஒசாஃபுனே. சாமுராய் வாள் செய்வதில் ஜப்பானின் தலைசிறந்த ஊராக இருந்தது. அங்கே வாள் அருங்காட்சியகம் இருக்கிறது. சஞ்சோமோ என்ற தேசியப் பொக்கிஷ வாளை 2020இல், ஒசாஃபுனே அடங்கிய செதோஉச்சி நகராட்சி நன்கொடை திரட்டி வாங்கியது. அது எப்போதும் காட்சியில் இருக்காது, நாள் பார்த்துப் போங்கள். என் கணவர் ஒரு முழு முற்பகலை அங்கே கழித்தார், நான் அந்த நேரம் ஹினாசே துறையில் உட்கார்ந்திருந்தேன். மதியம் சந்தித்தபோது இரண்டு பேருக்கும் பேச விஷயம் இருந்தது. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அது சின்ன விஷயமில்லை.

பக்கத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியது?

ஷிஸுதானி பள்ளி. இதை விட்டுவிடாதீர்கள். 1670இல் ஒகயாமா பிரபு இகேதா மிட்சுமாசா, சாதாரணக் குடிமக்களின் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று தொடங்கிய பள்ளி. 1701இல் முடிந்த பாட மண்டபம் இப்போது தேசியப் பொக்கிஷம். கூரை முழுவதும் பிஸென் ஓடு. முந்நூறு ஆண்டாக மழை வாங்கிய ஓடுகள் ஒவ்வொன்றும் ஒரு நிறம், வெயில் சாயும்போது கூரையே மெல்ல நிறம் மாறுகிறது. பள்ளியைச் சுற்றி 765 மீட்டர் நீளத்துக்கு உருண்ட முதுகுடைய கல்மதில்.

வாசலுக்கு முன்னால் இரண்டு பெரிய மரங்கள். சீனாவில் கன்ஃபியூசியஸ் சமாதியிலிருந்து 1915இல் கொண்டு வந்த விதையில் முளைத்தவை. நவம்பரில் ஒன்று செந்நிறமாகவும் மற்றது மஞ்சளாகவும் பழுக்கும். நாங்கள் போனபோது சிவப்பு மரம் பாதி உதிர்ந்திருந்தது. மண்டபத்தின் அரக்குத் தரையில் வெளியே இருக்கும் மரத்தின் நிறம் தெரிந்தது. இன்பேயிலிருந்து நேர் ரயில் கிடையாது, டாக்ஸிதான். திரும்புவதற்கும் அதே டாக்ஸியைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நாமே வனைந்து பார்க்கலாமா?

பல பட்டறைகளில் பயிற்சி வகுப்பு உண்டு. முன்பதிவு செய்ய வேண்டும். ஆனால் அன்றே கையில் கிடைக்காது. உலர்ந்து, அடுத்த சூளைக்குக் காத்திருந்து, சுட்டு வர மாதக்கணக்கில் ஆகும். வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, செலவு எவ்வளவு என்பதை முதலிலேயே கேளுங்கள். நான் செய்த கிண்ணம் நான்கு மாதம் கழித்து வந்தது. வனைந்தபோது இருந்ததைவிட நன்றாகவே சிறுத்திருந்தது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஜப்பானில் மட்பாண்டக் கலை பயின்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் சேர்ந்து 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார். இந்தியாவில் இன்று பேர் சொல்லும் மட்பாண்டக் கலைஞர்கள் பலர் அங்கே படித்தவர்கள். அந்தப் பக்கம் போனால் புதுச்சேரிப் பட்டறைகளின் பாத்திரத்தை எடுத்துப் பாருங்கள், ஜப்பானியக் கைவழக்கம் தெரியும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

கஷ்டம்தான், முன்னேற்பாடு இருந்தால் சமாளிக்கலாம். காய்கறிக் குழம்பாகத் தெரிவதிலும் தாஷி என்ற மீன் சாறு இருக்கும். “நிகு மோ சகானா மோ தாபேமாசென்” (இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை) என்று சொல்லுங்கள், தாஷியையும் சேர்த்து ஜப்பானிய மொழியில் எழுதி ஒரு அட்டை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. விடுதியில் ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவிட்டதால் எங்களுக்கு வெறும் சோறு, தோஃபு, வதக்கிய காய்கள் தனியாக வைத்தார்கள். பருப்புப்பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போயிருந்தோம். ஆனால் பச்சைக் கறிவேப்பிலை, பழம் எதையும் எடுத்துப் போகாதீர்கள். தாவர ஆய்வுச் சான்று இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். கோடையில் போனால் ஒகயாமாவின் வெண்பீச் பழமும் மஸ்கட் திராட்சையும் கிடைக்கும்.

எப்போது போகலாம்?

நவம்பரும் ஏப்ரலும் நல்லவை. ஒகயாமாவை ‘வெயில் நாடு’ என்பார்கள், மழைத் தொல்லை குறைவு. அக்டோபர் மூன்றாவது வாரக் கடைசியில் வழக்கமாகப் பிஸென் பாண்டத் திருவிழா நடக்கும். விலை குறையும், கூட்டம் நெரியும். நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த இரண்டு நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

உடையாமல் எப்படிக் கொண்டு வந்தீர்கள்?

கடையிலேயே நன்றாகச் சுற்றித் தருவார்கள். நாங்கள் அதற்கு மேல் ஆளுக்கொரு காலுறைக்குள் நுழைத்து, கைப்பையில் வைத்துக்கொண்டோம். சில பாத்திரங்களுக்குச் செய்தவரின் பெயர் எழுதிய மரப்பெட்டி உண்டு. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பெட்டியும் பாத்திரத்தின் பகுதிதான்.

வீட்டுக்கு வந்தபின் எப்படிப் பராமரிக்கிறீர்கள்?

முதல்முறை பயன்படுத்தும் முன் அரை நாள் தண்ணீரில் ஊற வைத்தேன். அடிப்பாகம் சொரசொரப்பாக இருந்ததால் மேசையைக் கீறாதபடி உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன். கழுவியபின் நன்றாகக் காய விட வேண்டும். ஈரத்தோடு அலமாரிக்குள் வைத்தால் பூஞ்சை பிடித்து வாடை வரும். நம் ஊர் மழைக்காலத்தில் எனக்கு ஒருமுறை அப்படி ஆனது, கொதிநீரில் போட்டு எடுத்து இரண்டு நாள் வெயிலில் வைத்ததும் சரியாகிவிட்டது.

பயன்படுத்தப் பயன்படுத்தப் பதமாகும் என்று அந்தக் கடைக்கார அம்மா சொல்லியிருந்தார். என் கணவர் தினமும் மாலையில் சுக்குக் காப்பி குடிப்பது அந்தக் கோமாக் கோப்பையில்தான். அவர் கட்டை விரல் படுகிற இடத்தில் மட்டும் சொரசொரப்பு அடங்கி, லேசாக ஒரு பளபளப்பு வந்திருக்கிறது. போன வாரம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எனக்குக் காட்டினார்.